விட்டுப்போன வரி

காகிதத்தின் மேல் இரு கை விரல்களையும் மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு, “இதை அடிச்சவருக்கு என் மேல ஏதோ கோபம் இருக்கும்மா” என்றார் ஜீரோ சார். “படிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா போட்டுக் குத்தித் தள்ளியிருக்கு.”

பிரிண்டரம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அது ஏழாவது தாள்.

“அது முகப்புத் தாள் சார். யார் அனுப்பின வேலைன்னு நட்சத்திரம் நட்சத்திரமா வச்சு பெரிய எழுத்துல பேர் போடும். கண்ணால பாத்தா பேர் தெரியும்.”

“கையால பாத்தா காயம்தான் தெரியுது” என்று சொல்லி, தாளை மடித்து மேசை மேல் வைத்தார். அவர் சிரித்த பிறகுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அது நகரத்தின் குடிநீர் அலுவலகம். மூன்று மாடி. இரண்டாவது மாடியில் எப்போதும் குளிர்ந்து கிடக்கும் ஓர் அறையில் மூன்று யூனிக்ஸ் கணினிகள் இருந்தன. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர், எந்தக் குழாயில் உடைப்பு, யார் வீட்டு இணைப்பு எப்போது வந்தது என்பதெல்லாம் அவற்றுக்குள்தான் ஓடியது. பதினொரு வருடமாக அந்த மூன்றையும் கட்டி மேய்ப்பவள் அவள். ஆனால் கட்டடத்தில் இருந்த நானூறு பேருக்கும் அது தெரியாது. ஏதாவது ஒரு பிரிண்டர் படுத்துக்கொண்டால்தான் அவள் ஞாபகம் வரும். அதனால் முப்பத்து நான்கு வயதிலேயே பிரிண்டரம்மா ஆகிவிட்டாள். ‘அம்மா’ வேண்டாம் என்று முதல் வருடம் சொல்லிப் பார்த்தாள். இப்போது தொலைபேசியை எடுத்தாலே, “பிரிண்டரம்மாதான் பேசறேன்” என்று வாயில் வந்துவிடுகிறது.

ஜீரோ சாருக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. எந்த மேசையிலிருந்தும் பூஜ்யத்தைச் சுழற்றினால் அவர்தான் வருவார். தரைத்தளத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அலுவலகத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினாலே பெயர் சொல்லிவிடுவார். “குரல் கட்டியிருக்கே, நேத்து வீட்ல சண்டையா?” என்று மேலதிகாரியையே கேட்டவர்.

அவருக்காக வந்ததுதான் அந்த இயந்திரம். பார்வையில்லாத ஊழியர்களுக்கு எல்லா ஆணைகளையும் கடிதங்களையும் பிரெயில் புள்ளிகளில் தர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவின் பின்னாலேயே கனமான பெட்டியில் பிரெயில் பிரிண்டரும் வந்தது. நான்கு மாதம் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதன் தலையில் டீ கிளாஸ் வைக்கிற அளவுக்கு எல்லோருக்கும் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றதும் நிர்வாக அதிகாரிக்கு அது ஞாபகம் வந்தது. “பிரிண்டர்தானே, பிரிண்டரம்மா பாத்துப்பாங்க” என்று கைகழுவிவிட்டார்.

அவளுடைய கணினிகளில் பிரிண்டரை மாட்டியவுடன் தானாக எதுவும் வேலை செய்யாது. எல்லாப் பிரிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே கோப்பு. பிரிண்ட்கேப் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பிரிண்டருக்கும் அதில் ஒரு பத்தி எழுத வேண்டும். முதலில் பிரிண்டரின் பெயர், அதற்கு என்னென்ன பட்டப்பெயர்கள் என்று வரும். பிறகு அது எந்தக் கம்பியில் மாட்டியிருக்கிறது, வந்த வேலைகள் எந்த இடத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும், முகப்புத் தாள் வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றாக, முக்காற்புள்ளிகளுக்கு நடுவில். வந்த எழுத்தைப் பிரிண்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் ஃபில்டர் எது என்பதும் அதில்தான். முழுப் பத்தியும் கணினிக்கு ஒரே வரிதான். மனிதர்கள் படிக்க வசதியாக மடித்து எழுதலாம். மடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பின்சாய்வுக்கோடு போட வேண்டும், ‘இன்னும் முடியவில்லை, கீழே வா’ என்று சொல்வது போல.

“இதுக்குப் பேரு என்ன வைக்கட்டும் சார்?” என்று காலையில் கேட்டிருந்தாள்.

“என் பேரையே வைங்க. ஜீரோ. கூப்பிட்ட உடனே ரெண்டு பேரும் வந்துருவோம்.”

பெயரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முகப்புத் தாள் வேண்டாம் என்று எழுதியிருந்தாள், வந்துகொண்டே இருந்தது. எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் ஃபில்டரின் பெயரையும் எழுதியிருந்தாள், அப்படி ஒன்று இருப்பதாகவே இயந்திரம் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பத்தியை இருபது தடவையாவது படித்திருப்பாள். மதியம் மூன்று மணிக்கு, எழுத்து தவிர மற்ற குறிகளையும் திரையில் காட்டும்படி எடிட்டரை மாற்றிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மூன்றாவது வரியின் கடைசியில், பின்சாய்வுக்கோட்டுக்கு அப்பால், ஒரே ஓர் இடைவெளி. அத்தோடு பத்தி முடிந்தது என்று கணினி எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதிய எதையும் அது படிக்கவே இல்லை.

“சே, ஒரு இடைவெளி சார்!” என்று கத்திவிட்டாள். “வரிக்கடைசியில ஒரு இடைவெளி. கண்ணுக்கே தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாததா?” ஜீரோ சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அப்ப இவ்வளவு நேரம் நாம ரெண்டு பேரும் ஒரே நிலைமையிலதான் உக்காந்திருந்தோம்னு சொல்லுங்க.”

இடைவெளியை அழித்தாள். ‘இந்த வரி உங்களுக்குப் புரிகிறதா?’ என்று தட்டச்சு செய்து அனுப்பினாள். இயந்திரம் பூட்டிய கதவை யாரோ தட்டுவது போல அறையை அதிரவைத்தது. தாள் வெளியே வந்தது. ஜீரோ சார் அதை வாங்கி, இடது கை ஆள்காட்டி விரல் வழிகாட்ட வலது விரல் பின்னால் வர, ஒரு முறை ஓட்டினார். திரும்ப ஓட்டினார்.

“புரியுது” என்றார். விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை. அவர் வீட்டிலும் பிரெயில் புத்தகங்கள் இருந்தன. ஆனால் அலுவலகத்தில் இருபது வருடத்தில் அவர் கைக்கு நேராக வந்த முதல் வாக்கியம் அதுதான்.

பெரிய வேலையாக ஒன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும், பத்துப் பக்கத்தில் மக்கர் பண்ணினால் வெள்ளிக்கிழமை மானம் போகும் என்றாள் அவள். “அப்படீன்னா எனக்கு வந்த லெட்டர் எல்லாத்தையும் அடிங்க” என்றார் அவர். நிர்வாகப் பிரிவில் தட்டச்சான எல்லாக் கடிதங்களின் பிரதியும் அவளுடைய கணினியில்தான் கிடந்தது. அவர் பெயரில் பதினொன்று. அவள் எதையும் திறந்து பார்க்கவில்லை. அது அவளுக்கு ஒரு பிடிவாதம். யாருக்கு இடமாற்றம், யாருக்குத் தண்டனை, யார் ராஜினாமா எழுதிவிட்டுக் கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்று எல்லாமே வரிசையில் அவளைத் தாண்டித்தான் பிரிண்டருக்குப் போகும். தேதியும் அளவும் பார்ப்பாள், உள்ளே பார்க்கமாட்டாள்.

அதுவரை ஜீரோ சாருக்கு வந்த கடிதங்களைப் படித்துக்காட்டியவர் தபால் அண்ணன். தபால் பிரிவின் எழுத்தர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பேருந்து, ஒரே இருக்கை. மதிய உணவு நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் அறைக்குப் போய்விடுவார். சாப்பிட்டுக்கொண்டே சுற்றறிக்கை, கடிதம், கல்யாணப் பத்திரிகை எது வந்திருந்தாலும் படிப்பார். நடுநடுவே அதிகாரிகளைக் கிண்டலடிப்பார். சிரிப்புச் சத்தம் வராந்தா வரை கேட்கும். யாரிடமாவது பேச்சு வந்தால், “எனக்குக் கண்ணு தபால் பிரிவுல வேலை பாக்குது” என்று ஜீரோ சார் சொல்வார்.

பதினொரு கடிதங்களும் முப்பது தாளாக வந்து விழுந்தன. ஜீரோ சார் வரிசையாக வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். சம்பள உயர்வு ஆணையைப் படித்துவிட்டு, “எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க!” என்று சிரித்தார். ஏழாவது கடிதத்தில் விரல் நின்றது. வரியின் தொடக்கத்துக்குப் போனது. மறுபடி வந்தது. அடுத்த தாளை எடுத்தார், அது எட்டாவது கடிதம், சின்னது. பின் மீண்டும் ஏழுக்கு வந்தார்.

“இந்த ஏழாவது லெட்டர் என்ன தேதிம்மா?”

“மேலேயே இருக்குமே சார்.”

“இருக்கு. நீங்க ஒரு தடவை சொல்லுங்க.”

சொன்னாள். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஓரம் தட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். “நல்லா வேலை செய்யுதும்மா. ரொம்ப நன்றி” என்றார். எப்போதும் கதவருகே நின்று ஒரு கிண்டல் சொல்லிவிட்டுப் போகிறவர், படிக்கட்டின் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அவள் தன் பிடிவாதத்தை அன்று விட்டாள். ஏழாவது கடிதத்தைத் திறந்தாள். ஆற்றுக்கு அக்கரை நகரத்துக் கிளையில் தொலைபேசி இயக்குநர்களுக்குப் பயிற்சி நிலையம் தொடங்குகிறார்கள். பயிற்றுநர் பதவிக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. விருப்பமிருந்தால் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். எட்டாவது கடிதம் ஒரே வரி. பதில் வராததால் விருப்பமில்லை எனக் கருதி அவர் பெயர் நீக்கப்படுகிறது.

அந்தப் பயிற்சி நிலையத்தைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வேறு யாரோ ஒருவர் அங்கே போனார். “இத்தனை வருஷம் டெலிபோன் போர்டுல உக்காந்தவனை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை பாருங்க” என்று ஜீரோ சார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்போதெல்லாம் பக்கத்தில் தபால் அண்ணன் இருந்திருக்கிறார். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டோ, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோ இருந்திருக்கிறார். அவள் கடிதத்தை மூடினாள்.

மறுநாள் காலை, அவள் பையை வைப்பதற்குள் தபால் அண்ணன் அறை வாசலில் நின்றார். குளிர் அறைக்குள் வந்த பிறகும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

“உக்காருங்க அண்ணா.”

உட்காரவில்லை. “நேத்து பஸ்ல கேட்டான். ‘ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நீளமான லெட்டர் வந்துச்சே, அதுல என்னடா இருந்துச்சு’ன்னு. வழக்கம்போல பாராட்டுக் கடிதம்தான்டான்னேன். அதுக்கப்புறம் வீடு வரைக்கும் பேசலை.” இயந்திரத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். “எல்லாத்தையும் படிச்சுட்டானா?”

“படிச்சுட்டார்.”

“அது வேற ஊரும்மா. ரெண்டு பஸ் மாறணும். புது இடம், புது படிக்கட்டு, ரோடு தாண்டறதுக்கு ஆள் கிடையாது. அப்ப அவன் வீட்டம்மா வேற படுத்த படுக்கை. அவன்கிட்ட சொன்னா கண்டிப்பா போறேன்னு நிப்பான். அவன் குணம் உங்களுக்குத் தெரியும்ல. அன்னைக்குப் பாராட்டுக் கடிதம்னு எதையோ படிச்சுட்டு, ரெண்டு நாள் கழிச்சு உண்மையைச் சொல்லலாம்னு லெட்டரை வச்சிருந்தேன். ரெண்டு நாள் நாலாச்சு. பதினஞ்சும் ஓடிப்போச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அவனுக்காகன்னு சொல்றேன். முழுசா அவனுக்காகவும் இல்லை. அவன் போயிட்டா சாயங்காலம் அந்த பஸ்ல என் பக்கத்துல யாரு உக்காருவா? எனக்கும் வேற யாரு இருக்கா?” மூக்கை உறிஞ்சினார். “முதல்ல இந்த மெஷின் கண்டபடி அடிச்சுதாமே, நேத்து சாப்பிடறப்ப அவனே சொல்லிச் சிரிச்சான். ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. மெஷின் குழப்பிடுச்சு, வேற யாரோ லெட்டரோட கலந்துடுச்சுன்னு. நீங்க சொன்னா நம்புவான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்.”

யோசிக்கிறேன் என்றோ, முடியாது என்றோ அவள் சொல்லவில்லை. தலையை ஆட்டினாள். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. அவளுக்கு மட்டும் என்ன யோக்கியதை? வெளிநாட்டிலிருந்து அக்கா எழுதும் கடிதங்களை வீட்டில் அவள்தான் அம்மாவுக்குப் படித்துக்காட்டுகிறாள். கண்ணாடி போட்டால் அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், “நீயே படிடி” என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். அக்காவின் கடிதத்தில் முள் இருக்கும். இரண்டு வாக்கியத்தை விழுங்கிவிட்டால் மூன்று நாள் வீடு நிம்மதியாக இருக்கும். அதைப் பொய் என்று ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை. ஒருவேளை எந்த இடத்தில் விழுங்குகிறாள் என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கலாம். ஜீரோ சாருக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதானா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு ஜீரோ சார் மாடியேறி வந்தார். எக்ஸ்சேஞ்சை அரை மணி நேரம் வேறு ஒருவரிடம் விட்டு வந்ததாகச் சொன்னார். இருபது வருடத்தில் அப்படி விட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து, இயந்திரத்தின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“ஒரே ஒரு கேள்விம்மா. இது தப்பா அடிச்சிருக்க வாய்ப்பு இருக்கா? வரி கலந்திருக்கலாம், வேற ஒருத்தர் லெட்டர் வந்து சேர்ந்திருக்கலாம். நேத்து மத்தியானம் வரைக்கும் இதுக்கு ஒண்ணும் தெரியாதே.”

அவர் குரலில் இருந்தது கேள்வி மட்டும் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிடு என்ற கெஞ்சலும் இருந்தது. ஒரே வார்த்தை. அவர் பேருந்தில் பழைய இருக்கைக்குத் திரும்பிப் போய்விடலாம். தபால் அண்ணனுக்குத் தூக்கம் வரும். பழியெல்லாம் ஒரு பிரிண்டருக்கு. அதை யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பிரிண்டர்கள்தானே, தப்புப் பண்ணுவதற்கென்றே பிறந்தவை என்று இந்தக் கட்டடத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் அந்தப் பத்தியில் ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது. ஃபில்டர் எழுத்தைச் சிதைக்கும், வரியை வெட்டும், பக்கத்தையே முழுங்கும். பதினைந்து நாட்களுக்குள் என்று ஒரு வாக்கியத்தைத் தானாகக் கற்பனை செய்ய அதற்குத் தெரியாது. அவள் இப்போது ஆமாம் என்றால், இனிமேல் இந்த இயந்திரத்திலிருந்து வரும் எந்தத் தாளையும் அவர் நம்பப்போவதில்லை. மறுபடி யாராவது படித்துக்காட்ட வேண்டும்.

“ரொம்ப நேரம் எடுத்துக்கறீங்க” என்றார் ஜீரோ சார்.

“சரியாத்தான் அடிச்சிருக்கு சார்.” குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “நானும் அந்த லெட்டரைப் பாத்துட்டேன். பாத்திருக்கக் கூடாது. அதுல இருக்கறதுதான் வந்திருக்கு.”

அவர் தலையசைத்தார். வெகுநேரம் அசைத்துக்கொண்டே இருந்தார்.

“நானூறு பேர் குரல் தெரியும் எனக்கு” என்றார் பிறகு. “பொய் சொன்னா மூச்சுலயே தெரிஞ்சுடும்னு பெருமை வேற பேசுவேன். இவன் படிக்கிறப்ப மட்டும் எப்படி விட்டேன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். அவன் குரலை நான் கேக்கவே இல்லைம்மா. லெட்டரைத்தான் கேட்டுட்டு இருந்திருக்கேன்.”

“அண்ணன் காலையில வந்திருந்தார் சார்.”

“தெரியும். படிக்கட்டுல அவன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. என்ன சொன்னான்னு நான் கேக்கமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க.” எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “அந்த ஏழாவதை மட்டும் இன்னொரு தடவை அடிச்சுக் குடுங்க.”

அனுப்பினாள். இயந்திரம் அதிர்ந்தபோது அவர் மூடியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. தாள்கள் வந்தன. அவர் படித்துப் பார்க்கவில்லை. எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஆய்வு நடந்தது. வந்தவர் பிரெயில் தாளைத் தலைகீழாகப் பிடித்துத் தடவிப் பார்த்து, “மிகச் சிறப்பு” என்றார். நிர்வாக அதிகாரி படமெடுக்கச் சொன்னார். படத்தில் ஜீரோ சார் நடுவில் நின்றார். தபால் அண்ணன் வழக்கமாக எல்லாப் படத்திலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அன்று விடுப்பு.

திங்கட்கிழமை மதியம் பிரெயில் காகிதப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் தரைத்தளத்துக்கு இறங்கினாள். இயந்திரத்தை எக்ஸ்சேஞ்ச் அறையிலேயே வைத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. கம்பி இழுத்தாயிற்று, கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தபால் அண்ணனின் குரல் கேட்டதும் நின்றுவிட்டாள்.

அவர் உட்காரவில்லை. சாப்பாட்டு டப்பா எதுவும் மேசை மேல் இல்லை. கையில் அன்று காலை வந்த சுற்றறிக்கை ஒன்று, மேல்நிலைத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் அட்டவணை. ஜீரோ சாருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் பிரெயிலில் அடித்துவிடலாம்.

“படி” என்றார் ஜீரோ சார்.

தபால் அண்ணன் படித்தார். அனுப்புநர், பெறுநர், கடித எண்ணில் வரும் சாய்கோடுகள், ‘பார்வை’ என்று மேலே குறித்திருந்த மூன்று பழைய கடிதங்களின் தேதிகள், எல்லாவற்றையும். கிண்டல் இல்லை, நடுவில் ஒரு செருமல்கூட இல்லை. தொட்டிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இருபத்தாறு தொட்டிகள். “கீழ கையெழுத்து. பச்சை மை. பேர் புரியலை, கிறுக்கியிருக்கு. பக்கத்துல ரப்பர் ஸ்டாம்ப், பாதிதான் விழுந்திருக்கு. நகல் ஏழு பேருக்கு” என்று ஏழு பேரையும் படித்தார். குரல் இறங்கியது. “அவ்வளவுதான்.”

“பின்பக்கம்?”

தபால் அண்ணன் தாளைத் திருப்பினார். “ஒண்ணுமில்லடா. வெறும் தாள்.”

ஜீரோ சார் கையை நீட்டினார். தபால் அண்ணன் தாளைக் கொடுத்தார். அதை மடியில் விரித்து, வெறும் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்லத் தடவினார். போர்டில் மணி அடித்தது. “வணக்கம், குடிநீர் அலுவலகம்” என்றார் இன்னொரு கையால் பொத்தானை அழுத்தி. யாரோ ஒரு பெண் தன் தெருவில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது வாசல் வரை கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை அந்தத் தாளின் மேலேயே இருந்தது. எதிரில் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி தபால் அண்ணன், உட்காருவதா போவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.